அரசரின் பாட்டும் நான்காம் காட்சியும்

அந்த நாடகத்தை நான் எழுதியது நான்காம் காட்சிக்காக. முதல் மூன்று காட்சிகளும் அங்கே போய்ச் சேருவதற்கான படிகள் மட்டுமே. இதைத் தொடக்கத்திலேயே எல்லோரிடமும் சொன்னேன். விழாக் குழுக் கூட்டத்தில் சொன்னேன், எழுத்திலும் கொடுத்தேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த நான்காம் காட்சியில் கை வைத்தார்கள்.

ஜெர்மனியின் ஹம் நகரில் எங்கள் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலை நடக்கிறது. ஆண்டுக்கொருமுறை தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கலைவிழா வைப்போம். வழக்கமாக நாடகம் என்றால் புலவர் ஒருவர், பரிசு கொடுக்காத அரசர் ஒருவர். இந்த முறை, பிள்ளைகள் ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரு பாடத்தையே தமிழில் நடித்தால் என்ன என்று பாடசாலைச் செயலாளர் கேட்டார். அவர் காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்பவர்; என்னைவிடப் பத்து வயது இளையவர்; எதையும் சுருக்கமாக முடிக்க விரும்புபவர். பிரெஞ்சுப் புரட்சியை நான் எழுதித் தருகிறேன் என்றேன். யோசிக்காமல் சொன்னதல்ல.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் என் மகளின் எட்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு படம் பார்த்தேன். 1789 ஜூலை. பாரிஸ் தெரு ஒன்றில் கூட்டம். தெருவிளக்கு தொங்கும் இரும்பில் ஒரு மனிதனைத் தூக்கியிருக்கிறார்கள். கீழே நிற்பவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். படத்தை ஐந்து வாக்கியங்களில் விவரிக்க வேண்டும் என்பது மகளுக்கு வீட்டுப்பாடம். அவள் எழுதி முடித்துவிட்டு என்னிடம் தந்தாள். எழுத்துப்பிழை பார்க்கத் தந்த தாளை நான் நெடுநேரம் கையில் வைத்திருந்தேன்.

நானும் எட்டாம் வகுப்பில் இருந்தபோதுதான், ஊரில் எங்கள் சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவரை ஒரு காலையில் சுட்டு மின்கம்பத்தோடு கட்டியிருந்தார்கள். கழுத்தில் துரோகி என்று எழுதிய மட்டை ஒன்று தொங்கியது. முந்தின கிழமை என் முன்சில்லுக்குக் காற்றடித்துவிட்டுக் காசு வேண்டாம் என்றவர். கட்டியவர்கள் யார் என்று எழுதப்போவதில்லை. அந்தப் போர்க்காலத்தில் ஒரு பக்கத்தார் மட்டும் கட்டவில்லை. நான் எழுதவேண்டியது என்னைப் பற்றியது. நான் சைக்கிளை நிறுத்தாமல் போனேன். பதின்மூன்று வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். அன்றைய பக்கத்தில் கணிதச் சோதனையில் எடுத்த புள்ளி இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

ஆகவே நான்காம் காட்சி. அரசரை விழுத்திய பிறகு என்ன நடந்தது என்பது. முதற்காட்சியில் பேக்கரியில் பாண் விலை ஏறுகிறது. இரண்டாவதில் பஸ்தீல் சிறையை உடைக்கிறார்கள்; உள்ளே இருந்தவர்கள் ஏழே கைதிகள். மூன்றாவதில், 1793 ஜனவரி 21, அரசரின் தலை போகிறது. நான்காவதில், சிறையை உடைக்கப்போன ஒரு பேக்கரிக்காரனைப் பக்கத்து வீட்டுக்காரனே சந்தேகத்துக்குரியவன் என்று எழுதிக் கொடுக்கிறான். ஒருவன் வந்து பட்டியல் வாசிக்கிறான். பேக்கரிக்காரனைக் கொண்டுபோகிறார்கள். பிறகு பட்டியல் வாசித்தவனையும் கொண்டுபோகிறார்கள். கடைசியில் ஒரு தளபதி கதிரையில் ஏறித் தன் கையாலேயே தனக்கு முடி சூட்டிக்கொள்கிறான். மொத்தம் பதினொரு நிமிடம். மணிக்கூடு வைத்துப் படித்துப் பார்த்தேன்.

முதலில் வெட்டுப்பட்டது நாட்காட்டி. புரட்சிக்காரர்கள் கிழமைக்கு ஏழு நாள் போதாது என்று பத்து நாளாக்கினார்கள். மாதங்களுக்கெல்லாம் புதுப்பெயர் வைத்தார்கள். நாட்குறிப்பு எழுதுகிறவனுக்கு இதைவிட எரிச்சலூட்டும் செய்தி கிடையாது. அதனால் நான்காம் காட்சியின் தொடக்கத்தில் ஒரு கிழவியை, இன்றைக்கு என்ன நாள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுத் திரிய விட்டிருந்தேன். தேவாலய மண்டபத்தில் நின்றுகொண்டு ஞாயிற்றுக்கிழமையை ஒழித்தார்கள் என்று சொல்ல முடியாது என்றது குழு. வரலாறு என்றேன். மண்டபம் அடுத்த ஆண்டும் தேவை என்றார்கள். கிழவி போனாள். நிமிடம் ஒன்பதரை ஆனது.

இரண்டாவது கூட்டத்தில் செயலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணை, நாலாங் காட்சி பழசைக் கிளறுற மாதிரி இருக்கெண்டு ரெண்டு மூண்டு பேர் சொல்லுகினம்."

"இது பிரெஞ்சுக்காரன்ர பழசு."

"ஓம், பிரெஞ்சுக்காரன்ர தான். ஆனால் பாக்கப்போறது எங்கட சனமெல்லே."

அதனால்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, பள்ளிப் பாடத்திட்டத்தில் இது இருக்கிறது, பக்க எண் இன்னது என்பது. அவர் பெருமூச்சு விட்டார். பாடத்திட்டம் என்ற சொல்லுக்கு எங்கள் பெற்றோர் அஞ்சுவார்கள் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அடுத்தது அண்ணாவியார். மன்னாரிலே கூத்துப் பழக்கியவர். பீலெஃபெல்டில் தொழிற்சாலையொன்றில் முப்பது வருடம் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்கு மேடையில் நிற்கப் பழக்கத்தான் அவரைக் கேட்டோம். நிற்கப் பழக்குவதற்கு அவர் மத்தளத்தோடு வந்தார். பிராந்திய ரயிலில் வருவார். ஆறு ஒத்திகைக்கும் ரயில் தாமதமான நிமிடங்களை நான் குறித்து வைத்திருக்கிறேன். கூட்டினால் ஒரு முழு ஒத்திகை வரும். தாமதத்துக்கு அவர் பொறுப்பல்ல. ரயிலில் உட்கார்ந்துகொண்டு அவர் பாட்டுக் கட்டியதற்கு அவர்தான் பொறுப்பு.

என் எழுத்தில் அரசர் மூன்றாம் காட்சியில் நான்கு வரி பேசிவிட்டுச் சாகிறார். மூன்றாவது ஒத்திகைக்குப் போனபோது அவருக்கு மேடைக்கு வரும்போது பாட ஒரு வரவுப் பாட்டு இருந்தது. நான்காவதில் அரசியிடம் விடைபெறும் பாட்டு இருந்தது. ஐந்தாவதில் கொலைக்களத்தில் பாட ஒரு நீண்ட புலம்பல். அரசராக நடித்தவன் பத்தாம் வகுப்புப் பொடியன். பேசும்போது அவன் தமிழ் ஜெர்மன் போல ஒலிக்கும். பாடத் தொடங்கினால் மன்னாரில் பிறந்தவன் என்று சத்தியம் செய்யலாம். அதுதான் தொல்லை. நன்றாக இல்லாவிட்டால் வெட்டியிருப்பேன்.

புலம்பலை நிறுத்த எனக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் வரலாறு. அண்ணாவியாரிடம் விளக்கினேன்: அந்த அரசர் மேடையில் ஏறிச் சனங்களிடம் பேச வாயெடுத்தார், ஆனால் முரசுகளை அடித்து அவர் குரலை அமுக்கிவிட்டார்கள். ஆகவே அவர் பாடியிருக்க வழியில்லை.

அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டிப் பார்த்தார். "பாத்தீரா தம்பி, முரசும் இருந்திருக்கு. பிறகென்ன?"

"அண்ணை, அவர் பாடேல்லை எண்டு சொல்லுறன்."

"தலை வெட்டுப்படப் போறவன் பாடாமல் எப்பிடிச் சாவான்? இஞ்ச பாரும், மேடையில தலை குடுக்கிறவன் நல்லவன். வெட்டுறவன் கெட்டவன். அது சனத்துக்குத் தெரியும். உம்மட புத்தகத்துக்குத் தெரியாட்டி நான் என்ன செய்யிறது?"

இதை நான் அப்போதே சரியாகக் கவனித்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கூத்துகளில் தலை போகிறவர்கள் எல்லோரும் வேதசாட்சிகள். விசுவாசத்துக்காகச் செத்த புனிதர்கள். வேறு எவருடைய தலையும் அந்த மேடையில் போனதில்லை. மண்டபத்தில் பாதிப் பேர் அந்தக் கூத்துகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். நானும்தான். ஆனால் எனக்கு நிமிடக் கணக்கு மட்டுமே கண்ணில் பட்டது.

அடுத்த தொல்லை உடுப்பு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உடுப்புத் திருத்தும் சிறு கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் ஒவ்வொரு கலைவிழாவுக்கும் தைத்துத் தருவார். அறுபது வயது கடந்தவர். மகனோடு இருக்கிறார். அதிகம் பேசமாட்டார், வாயில் ஊசி வைத்திருப்பதால் என்று நினைத்திருந்தேன். அவரிடம் அளவுகளோடு ஒரு பட்டியல் கொடுத்தேன். முதல் மூன்று காட்சிக்கான உடுப்புகள் சொன்ன நாளுக்கு முந்தின நாளே வந்துவிட்டன. அரசரின் மேலங்கியை யாருடைய வீட்டிலோ கிடந்த பழைய யன்னல் சீலையில் தைத்திருந்தார், அத்தனை நேர்த்தி. நான்காம் காட்சிக்கான ஐந்து உடுப்புகள் வரவில்லை. கேட்கப் போனபோது அடுத்த கிழமை என்றார். அடுத்த கிழமை துணி போதாது என்றார். துணி வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் முறை போனபோது தையல் மிசினிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏலாது தம்பி" என்றார்.

"ஏன் அக்கா?"

"ஏலாது."

எரிச்சலோடு வீட்டுக்கு வந்து, தவணை தவறிய மூன்று தேதிகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினேன். செயலாளர் அவரிடமும் பேசி நான்காம் காட்சியை இழுத்தடிக்கச் சொல்லியிருக்கிறார் என்ற முடிவுக்கும் வந்தேன். இதையும் எழுதினேன். மையால் எழுதியதால் அழிக்க முடியாது. கடைசியில் என் மனைவி பழைய கட்டில் விரிப்பை வெட்டி ஐந்து உடுப்பும் தைத்தாள். பேக்கரிக்காரன் மனைவியின் ஏப்ரனில் ஒரு பக்கம் நீளம். நான் அதைச் சுட்டிக்காட்டியபோது, இனி ஒரு சொல் சொன்னால் அரசருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்றாள்.

விழா நாள். மண்டபம் ஆறு மணிக்குக் காலியாக வேண்டும். மண்டபத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் ஐந்தே முக்காலுக்குச் சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நிற்பவர், அதில் நான் அவரை மதிக்கிறேன். நாடகம் நான்கரைக்குத் தொடங்க வேண்டும். நான்கு ஐம்பத்திரண்டுக்குத் தொடங்கியது. பாண் காட்சிக்குச் சிரித்தார்கள். பஸ்தீல் உடைந்தபோது கைதட்டினார்கள். ஏழு கைதிகள் வெளியே வந்ததும் எட்டாவதாக யாரோ ஒருவரின் மூன்று வயதுப் பிள்ளையும் உள்ளிருந்து வந்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு அரசர் பாடத் தொடங்கினார்.

அரசியிடம் விடைபெறும் பாட்டில் முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. இதே சனம்தான் கால்மணி நேரத்துக்கு முன் அவரது சிறையை உடைத்ததற்குக் கைதட்டியது. கொலைக்களத்துப் புலம்பலை அண்ணாவியார் ஒத்திகையில் காட்டாத இன்னொரு இராகத்துக்கு ஏற்றி இரண்டு முறை பாடவைத்தார். மட்டையால் செய்த கத்தி இறங்கியது. மண்டபம் எழுந்து நின்றது. ஒரு வயோதிபர் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் இட்டார்கள். சிறப்பு விருந்தினருக்கென்று மேசையில் வைத்திருந்த மாலையை யாரோ எடுத்துக்கொண்டு மேடைக்கு ஏறினார்கள். செத்த அரசர் எழுந்து உட்கார்ந்து மாலையை வாங்கிக்கொண்டு, மரியாதையோடு மறுபடி படுத்தார்.

குடியரசு உண்டான நாடு. நூற்றாண்டுகள் ஆண்ட முடியை இறக்கி வைத்த சனம். ஹம் நகரத் தேவாலய மண்டபத்தில் ஒரு பின்னேரத்தில் அவர்களுடைய அரசரை நாங்கள் புனிதராக்கிவிட்டோம். பின்னால் நின்று மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து முப்பத்து மூன்று.

செயலாளர் வியர்த்து வந்தார். "அண்ணை, குறை நினையாதேங்கோ. நாலாவதை விடுவம். சனம் அழுது முடிச்சிட்டுது. இனி என்னத்துக்கு?"

விடமுடியாது என்றேன். சிறப்பு விருந்தினரின் பேச்சு இருக்கிறது, பரிசளிப்பு இருக்கிறது என்றார். பேச்சை வெட்டுங்கோ என்றேன். நான் குரலை உயர்த்தினேன் என்று பிறகு மனைவி சொன்னாள். எனக்கு நினைவில்லை, ஆனால் அவள் பொய் சொல்வதில்லை. அவர் கையை விரித்து, "சரி, சாப்பாடு குடுக்கேக்க நடக்கட்டும். பாக்கிறவை பாப்பினம்" என்று போய்விட்டார்.

அப்படித்தான் நடந்தது. மண்டபத்தின் வலப்பக்கம் கொத்துரொட்டிக்கும் கட்லட்டுக்கும் வரிசை. கடதாசித் தட்டுகள். இடப்பக்கம் மேடையில் பேக்கரிக்காரனை எழுதிக் கொடுத்தார்கள். கதிரைகளில் இருந்தவர்களை எண்ணினேன்: இருபத்தாறு பேர், அதில் எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டியல் வாசிப்பவனாக நடித்த பெண்பிள்ளை மட்டும் நன்றாகச் செய்தாள். குரலை உயர்த்தாமல், பள்ளியில் வரவு எடுப்பதுபோல வாசித்தாள். மூன்றாவது ஆளை வாசித்தபோது வரிசையில் கொஞ்சம் பேச்சுக் குறைந்தது. பேக்கரிக்காரனைக் கொண்டுபோனார்கள். அவன் மனைவி, நீண்ட ஏப்ரனோடு, வாசலில் விழுந்து அழுதாள். பட்டியல்காரியையும் கொண்டுபோனார்கள். தளபதி கதிரையில் ஏறினான். கைதட்டல் இருந்தது, பெற்றோருடையது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்திருந்தால், கொல்லப்பட்ட அரசரின் சொந்தத் தம்பியே, தளபதி முடி சூட்டிப் பத்து ஆண்டுகளில், அரியணைக்குத் திரும்பி வந்தான் என்பதையும் காட்டியிருப்பேன். அண்ணாவியார் அவனுக்கும் ஒரு வரவுப் பாட்டுக் கட்டியிருப்பார்.

யாரும் என்னிடம் நான்காம் காட்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நல்லதென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. அரசரின் தாய் மட்டும் வந்து, அடுத்த முறை அரசர் சாகாமல் எழுதச் சொன்னார். அன்றைய நாட்குறிப்பில், "நடந்தது, ஒன்பது நிமிடம்" என்று எழுதிவிட்டு மூடினேன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சுமந்த ஒன்றை இறக்கி வைக்கப்போகிறேன் என்று நினைத்திருந்தேன். கட்லட் வரிசைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, கம்பித் தொழிற்சாலையில் காலை முறை வேலை முடிந்ததும், உடுப்புகளைத் திரும்ப வாங்க அக்காவின் கடைக்குப் போனேன். விழா முடிந்ததும் பதினெட்டு உடுப்புகளை தோய்த்து மடிக்க எடுத்துச் சென்றவர் அவர்தான். அவற்றைப் பட்டியலோடு சரிபார்த்துப் பாடசாலை அலுமாரியில் வைக்க வேண்டும். அதோடு, தவணை தவறியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதென்றும் நினைத்திருந்தேன். வாக்கியத்தைக்கூட வழியில் அமைத்து வைத்திருந்தேன்.

கடையில் ஒரு ஜெர்மன்காரர் காற்சட்டைக் கரை மடிப்பதற்காகக் காலுறையோடு நின்றார். அக்கா அவர் காலடியில் குந்தி ஊசி குத்திக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, இருங்கோ என்று கையால் காட்டினார். அந்த மனிதர் போன பிறகும் எழும்பவில்லை. நிலத்தில் விழுந்த ஊசிகளைப் பொறுக்கினார்.

"நாலாங் காட்சி பாத்தனான். சாப்பாட்டு லைனில நிண்டனான், பிறகு லைனை விட்டு வந்திட்டன்."

என் காலடியில் கிடந்த ஊசியொன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"அந்த பேக்கரிக்காரன்ர மனுசி. அதுக்குப் பிறகு அவ என்ன செய்தவ?"

அதை எழுதவில்லை என்றேன். அவர் உண்மையான ஆள் இல்லை, நான் கற்பனை செய்த பாத்திரம் என்று விளக்கினேன். தளபதி எந்த ஆண்டில் முடி சூட்டினான் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

அக்கா ஊசிகளைப் பெட்டியில் போட்டு மூடினார். "அவ அடுத்தநாள் பாண் போட்டிருப்பா. போடாட்டி பிள்ளைக்கு என்ன குடுக்கிறது? பட்டியல் வாசிச்சவையும் வந்து வாங்கியிருப்பினம். அவையளுக்கும் குடுத்திருப்பா."

"சும்மாவோ?"

"காசுக்கு. சும்மா குடுத்தால் பயம் எண்டு நினைப்பினம்." கொஞ்சம் நிறுத்தினார். "நான் அவையளுக்குக் காற்சட்டை தைச்சுக் குடுத்தனான் தம்பி. என்ர மனுசனைக் கொண்டுபோய் எட்டாம் நாள். அளவெடுக்கேக்க என்ர கை நடுங்கேல்லை."

மகனுக்கு அப்போது ஒன்றரை வயது என்று சொன்னார். எந்த ஆண்டு என்று என் வாய்வரை வந்தது. கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட முதல் தேதி அதுவாக இருக்கலாம். வழியில் அமைத்து வைத்த வாக்கியமும் அப்படியே உள்ளே போய்விட்டது. மூன்று கிழமையாக ஒரு பெண்ணின் வாசலுக்குத் துணியும் அளவுநாடாவுமாகப் போய், உன் கதைக்கு உடுப்புத் தை, ஏன் தாமதம் என்று கேட்டு நின்றிருக்கிறேன். செயலாளர் மேல் வந்த கோபமெல்லாம் ஒரு நொடியில் சரியான முகவரிக்குத் திரும்பி வந்தது.

மன்னியுங்கோ அக்கா என்றேன்.

"கையில அந்தக் கொப்பி இருக்கோ?" என்றார்.

நாடகப் பிரதி பையில் இருந்தது. எப்போதும் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்காம் காட்சியைத் தேடி, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தார். வாசலில் விழுந்து அழும் இடத்தில் விரல் நின்றது.

"இது பிழை. அவ அழேல்லை. இதை வெட்டுங்கோ."

ஏழு கூட்டங்களில் ஒரு வரியைக்கூட நானாக வெட்டச் சம்மதிக்காதவன். மேசையிலிருந்து அவரது துணி குறிக்கும் பென்சிலை எடுத்து, அந்த நான்கு வரியையும் கோடிட்டு வெட்டினேன். நேர்கோடாக இருக்கிறதா என்று அவர் குனிந்து பார்த்தார்.

"இனி என்ன எழுதுறது?" என்று கேட்டேன்.

கதவுமணி அடித்தது. ஒரு பெண் குளிர்கால மேலங்கியோடு உள்ளே வந்தார்; அதன் ஸிப் சிக்கியிருக்கிறது என்று ஜெர்மனில் சொன்னார். அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வியாழக்கிழமை வரச் சொல்லித் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, பக்கத்தில் இருந்த கதிரையில் கிடந்த துணிகளை ஒதுக்கினார்.

"இருங்கோ. நான் சொல்லுறன். மெதுவா எழுதுங்கோ, இடையில கேட்டுக் கேட்டு நிக்கக்கூடாது."

இருந்தேன். அவர் ஆறரை மணிவரை சொன்னார்.